வெள்ளிக்கிழமை மணி

என் அக்கா சுசீலா போன் பண்ணினால் முதலில் சாப்பிட்டாயா என்றுதான் கேட்பாள். அந்த வியாழக்கிழமை கேட்கவில்லை. "பவா, திங்கக்கிழமை உங்க அத்தான முடியாதவங்க ஹோம்ல விடப்போறேன். வேன் வருது. ஹரிதாஸும் சரின்னுட்டான். நீ ஒன்னும் பேசாத" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். குருபோங்கில் எங்கள் தொழிற்சாலை கேன்டீனில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்த கையோடு நான் உட்கார்ந்திருந்தேன். பசி போன இடம் தெரியவில்லை.

ஹரிதாஸ் அவர்களுடைய மகன், சிங்கப்பூரில் இருக்கிறான். அம்மா எதைச் சொன்னாலும் சரி என்பான். தூரத்தில் இருப்பவனுக்குச் சரி சொல்ல என்ன கஷ்டம்? எனக்கு அவன் மேல் கோபம் வந்தது, அக்கா மேலும் வந்தது. எல்லாவற்றையும்விட அந்த மணி மேல்தான் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் இத்தனை சண்டைக்கும் அந்த மணிதான் காரணம், அதைச் செய்துகொடுத்த மகராசியும் நான்தான்.

சேகரன் அத்தான் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் காய் ஏற்றுகிற லோரி ஓட்டியவர். வாய் என்றால் அப்படி ஒரு வாய். குடியிருப்புத் தாமானின் முனையில் திரும்பும்போதே ஹார்ன் அடிப்பார், வீட்டுக்குள் நுழையும்போதே "சுசீ, கோப்பி!" என்பார். காலையில் கிளம்பும்போது மட்டும் பூனை மாதிரி இருப்பார். அக்கா லோரியின் கண்ணாடிக்குச் சந்தனப் பொட்டு வைப்பாள், அடுத்து அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுவார், அவருக்கும் வைப்பாள். அது ஆகாமல் லோரி நகராது.

போன வருஷம் பக்கவாதம் வந்து அவரைப் படுக்கையில் தள்ளியது. வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. புத்திக்கு ஒரு குறையும் இல்லை. நாம் பேசுவதெல்லாம் புரியும், ஆம் என்றும் இல்லை என்றும் தலையாட்டுவார், இடது கை ஓரளவு வேலை செய்யும். பாயா ரும்புட்டில் அவர்கள் வீட்டில் படுக்கையறை முன்னால், சமையலறை பின்கோடியில். அவருக்குத் தண்ணீர் வேண்டுமென்றாலும் அக்காவாக எட்டிப் பார்த்தால்தான் உண்டு. அதனால்தான் மணி செய்தேன்.

என் வேலை டிரைவர் எழுதுவது. இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் லோரியா பஸ்ஸா என்று கேட்பார்கள். அத்தானே, பேச்சு இருந்த காலத்தில், "நீயும் நானும் ஒரே லைன் லா பவா" என்று கிண்டல் பண்ணுவார். கம்ப்யூட்டரின் இயங்குதளத்துக்கு வெளியே இருக்கும் கம்பியும் பொத்தானும் தெரியாது. அதற்குத் தெரியப்படுத்துகிற புரோகிராம்தான் டிரைவர். சிப்பின் ஓரங்களில் வரிசையாகக் கால்கள் இருக்கும், பின் என்போம். ஒரே பின் பல வேலை செய்யும், ஆனால் எந்த வேலை என்று நாம் எழுதிக் கொடுக்க வேண்டும். நீ கேட்கிற பின், நீ பேசுகிற பின் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அத்தான் கையில் இருக்கும் பொத்தானின் கம்பி கேட்கிற பின்னுக்கு வந்தது. சமையலறை மணிக்குப் பேசுகிற பின்னிலிருந்து கம்பி போனது. ஹாலில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் பிளக் இருந்ததால், சிப்பை வைத்த பெட்டியை அங்கேயே சுவரில் மாட்டினேன்.

கேட்கிற பின்னிடம் ஒரு கிறுக்குத்தனம் உண்டு. பொத்தானை யாரும் தொடாதபோது எந்தப் பக்கம் நிற்பதென்று அதற்குத் தெரியாது, அந்தரத்தில் தொங்கும். பக்கத்தில் பிரிட்ஜ் மோட்டார் ஓடினால்கூட யாரோ கூப்பிட்டதாக எடுத்துக்கொள்ளும். அதனால் அதை மேலே இழுத்துப் பிடித்து வைக்க வேண்டும், பொத்தானை அழுத்தினால் மட்டும் கீழே வரும். இழுத்துப் பிடிக்க சிப்புக்குள்ளேயே மெலிசாக ஒரு ரெசிஸ்டர் இருக்கிறது. டிரைவரில் ஒரு வரி எழுதினால் அது வேலைக்கு வந்துவிடும். முதல் வாரம் மணி கண்டபடி அடித்தபோது போய்ப் பார்த்தேன், அந்த வரி விட்டுப்போயிருந்தது. சேர்த்தேன், நின்றது. அன்றைக்கு அக்காவிடம் பெரிய இவளாட்டம் சொன்னேன்: "இனிமே மணி அடிச்சா அது அத்தான்தான்க்கா. சந்தேகமே வேணாம்."

அந்த வார்த்தையே வினையாகப் போய்விட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா போனில் கத்தினாள். காலையில் வீடு கழுவி, தலை முழுகி, சாமி கும்பிட நின்றால் மணி அடிக்கிறதாம். ஓடிப் போய் என்ன வேண்டும் என்று கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்று தலையாட்டுகிறாராம். திரும்பி வந்து சூடத்தைக் கொளுத்தினால் மறுபடி அடிக்கிறதாம். மத்தியானம் வரைக்கும் இதே கூத்து.

அதற்கடுத்த வெள்ளியும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

"அவரு நல்லா இருந்த காலத்துலயே நான் சாமி கும்பிட்டா பொறுக்காது பவா. அப்பதான் கோப்பி கேப்பாரு. இப்ப வாய் இல்ல, மணி இருக்கு. வேணும்னே பண்றாரு."

"அத்தான் இல்லன்னு தலையாட்டுறாருல்ல?"

"பின்ன பேயா அடிக்குது? நீதானே சொன்ன, அடிச்சா அவருதான்னு. மத்த நாள்ல பாரு, ஒரு தடவ கூட அடிக்க மாட்டாரு. அவ்ளோ நல்ல புள்ள. அப்ப அவரால சும்மா இருக்க முடியுதுல்ல?"

எனக்குச் சனிக்கிழமைதான் ஓய்வு. சனிக்கிழமை சனிக்கிழமையாகப் போய்ப் பார்த்தேன். பொத்தானை அழுத்தினால் அடித்தது, விட்டால் நின்றது. டிரைவரை வரிவரியாகப் படித்தேன், ஒரு பிழையும் இல்லை. கடைசியில் நானே அத்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அக்காவும் பாவம் இல்லையா அத்தான்? வெள்ளிக்கிழமை ஒரு நாளு கொஞ்சம் பொறுத்துக்குங்களேன்" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நீயுமா என்று கேட்கிற பார்வை அது.

அந்த வியாழக்கிழமை கேன்டீனில் அந்தப் பார்வைதான் நினைவுக்கு வந்தது. சூப்பர்வைசரிடம் போய் நாளைக்கு எமர்ஜென்சி லீவு என்றேன். என்ன எமர்ஜென்சி என்று கேட்டார். குடும்பம் என்றேன். என் முகத்தைப் பார்த்தவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் காலை புக்கிட் காத்திலில் என் வீட்டில் இருந்து காரில் கிளம்பிப் போனேன். அக்கா வீட்டு வாசல் கழுவி ஈரமாக இருந்தது, உள்ளே சாம்பிராணி மணத்தது. அக்கா ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பூச்சரத்தைப் படங்களுக்கு வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, வக்காலத்து வாங்க வந்தியா?" என்றாள் திரும்பாமலே.

"அத்தானப் பாக்க வந்தேன். உன்னையில்ல."

"போ, போய்ப் பாரு. திங்கக்கிழமைக்கு அப்புறம் பாக்கணும்னா பஸ் ஏறிப் போகணும்."

அவள் குரல் கட்டியிருந்தது. ராத்திரி அழுதிருக்கிறாள். அதைக் கேட்டால் இரண்டு பேரும் கத்திக்கொள்வோம் என்று நான் படுக்கையறைக்குள் போய்விட்டேன்.

அத்தான் முகச்சவரம் செய்து, சுத்தமான சட்டை போட்டுப் படுத்திருந்தார். எவ்வளவு திட்டினாலும் அவரை அழுக்காக விடமாட்டாள் அக்கா. பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய இடது கையை எடுத்து என் கைகளுக்குள் வைத்துக்கொண்டேன். "அத்தான், உண்மையச் சொல்லுங்க. நீங்களா அடிக்கிறீங்க?" இல்லை என்று தலையாட்டினார். "சத்தியமா?" அவர் கண் கலங்கியது. நான் கையை அழுத்திப் பிடித்தேன்.

அப்போது மணி அடித்தது.

பொத்தான் மெத்தையின் ஓரத்தில் தன்பாட்டுக்குக் கிடந்தது. அத்தானின் கை என் கையில் இருந்தது. பின்கோடியில் மணி விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது.

அக்கா சூடத் தட்டோடு அறை வாசலில் வந்து நின்றாள். "பாத்தியா? உன் கண்ணால பாத்துக்கிட்டியா? சூடம் கூட அணையல லா, அதுக்குள்ள!"

"அக்கா, வாய மூடு. கையப் பாரு."

"என்னத்தப் பாக்க?"

"அத்தான் கை எங்க இருக்குன்னு பாருடி!"

அக்காவை டி போட்டு நான் பேசியதே இல்லை. அவள் பார்த்தாள். மணி இன்னொரு தடவை அடித்தது. அவள் கையிலேயே சூடம் அணைந்து போனது.

நான் ஹாலுக்கு ஓடினேன். பெட்டியின் முகப்பில் பொத்தான் கம்பியைப் பொருத்துவதற்கு இரண்டு திருகாணிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. வெளியே இருந்தால் கழற்றி மாட்ட வசதி என்று நான்தான் அப்படி வைத்தேன். அந்த இரண்டுக்கும் நடுவில், கண்கள் இரண்டுக்கும் நடுவில் வைப்பது போலவே, சந்தனப் பொட்டு இருந்தது, மேலே குங்குமம். அப்போதுதான் வைத்தது. பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம் இரண்டு திருகாணிகளையும் நனைத்து ஒரு கோடாகக் கீழே இறங்கியிருந்தது.

அடப் பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். அந்தப் பொட்டை நான் பார்க்காமல் இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் காய்ந்துபோன பொட்டாகப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீடுகளில் பொட்டு இல்லாத சாமான் எது? பிரிட்ஜுக்கு உண்டு, அரிசிக் குக்கருக்கு உண்டு, ஆயுத பூஜையன்று தொழிற்சாலையில் என் கம்ப்யூட்டருக்கு நானே வைக்கிறேன். ஒரு சீனரோ மலாய்க்காரரோ பார்த்திருந்தால் இது என்ன என்று முதல் நாளே கேட்டிருப்பார். எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.

"அக்கா, இந்தப் பெட்டிக்கு எப்பெப்ப பொட்டு வைக்கிற?"

"வெள்ளிக்கிழமைதான். வியாழக்கிழமை பழசத் தொடச்சிருவேன்." அவளுக்கு இன்னும் புரியவில்லை. "ஏன், வைக்கக்கூடாதா? டாக்டர் இனிமே பேச்சு வராதுன்னு சொல்லிட்டாரு. அப்ப இதானே பவா அவரு பேச்சு? எனக்கு அவரு பேச்சுதான் எரிச்சல், பேச்சு இல்லாம இருக்கறது அதவிட எரிச்சல். முருகா, இதுலயாவது நல்லாப் பேச வையப்பான்னு வேண்டிக்கிட்டு வைக்கிறேன்."

இதை எப்படி இவளிடம் சொல்வது?

சொன்னேன். வேறு வழியில்லை. "இந்த ரெண்டு திருகாணியும் ஒன்ன ஒன்னு தொட்டா பொத்தான அழுத்தின மாதிரிக்கா. உள்ள இழுத்துப் பிடிக்கிற ரெசிஸ்டர் ரொம்ப மெலிசு. ஈரச் சந்தனம் போதும் அதக் கீழ இழுக்க. காயிற வரைக்கும் மணி அடிச்சிக்கிட்டே இருக்கும், காஞ்சா நின்னுடும். அதான் நான் சனிக்கிழம வந்து பாத்தா ஒன்னும் இல்ல."

அக்கா பெட்டியைப் பார்த்தாள், தன் விரலைப் பார்த்தாள். மோதிர விரல் நுனியில் சந்தனம் ஒட்டியிருந்தது.

"அப்ப நானா அடிச்சேன்?" என்றாள். "இத்தன நாளும் அடிச்சது நானா?"

"நீ மட்டும் இல்ல. அவருதான்னு அடிச்சுச் சொன்னது நானு."

அவள் அதைக் கேட்ட மாதிரி தெரியவில்லை. துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுப் பெண்கள் அழும்போது பாத்திரம் கழுவுவார்கள்.

எனக்கு அழ நேரமில்லை, வேலை இருந்தது. திருகாணிகளைக் கழற்றித் துடைத்தேன், முடி உலர்த்துகிற மெசினை வைத்துக் காயவைத்தேன். காரில் இருந்த என் பையிலிருந்து வலுவான ரெசிஸ்டர் ஒன்றை எடுத்துப் பற்றவைத்தேன், இனி ஈரத்துக்கெல்லாம் அது அசையாது. டிரைவரையும் திருத்தினேன்: சிப்புக்குள் இருக்கும் மெலிசானவனுக்கு ஓய்வு, வெளியே புதிதாக வந்தவன் இழுத்துப் பிடிப்பான், பொத்தானை ஒரு கணம் நன்றாக அழுத்தினால்தான் கூப்பிட்டதாகக் கணக்கு. கடைசியாக ஐஸ்கிரீம் டப்பா மூடியை வெட்டித் திருகாணிகளுக்கு மேல் மூடி போட்டேன். மூடியில் கொஞ்சம் சந்தனம் வைத்தும் பார்த்தேன். மணி அடிக்கவில்லை.

"இனிமே பொட்டு வைக்கணும்னா இந்த மூடி மேல வை அக்கா. எவ்ளோ வேணாலும் வை" என்று கத்திச் சொன்னேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அக்கா ரசம் வைத்தாள், அப்பளம் பொரித்தாள். மத்தியானம் ஆகியும் மணி கப்சிப். பார்த்தாயா என் கைவண்ணத்தை என்கிற மாதிரி நான் சோபாவில் சாய்ந்து கிடந்தேன்.

அக்கா சோற்றைக் குழைத்துக்கொண்டு அத்தான் அறைக்குள் போனாள். போன வேகத்தில் "பவா!" என்று கூப்பிட்டாள்.

விரிப்பு நனைந்திருந்தது. இப்போது நனைந்ததில்லை, நெடுநேரம் ஆகியிருக்க வேண்டும், ஓரமெல்லாம் சில்லிட்டுப் போயிருந்தது. அத்தான் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். பொத்தான் மெத்தையின் ஓரத்தில், காலையில் கிடந்த அதே இடத்தில் கிடந்தது. கை எட்டுகிற தூரம்தான்.

"எப்ப இருந்துங்க இப்படிக் கிடக்கிறீங்க? ஏன் கூப்பிடல? பொத்தான் இந்தா இருக்குல்ல?"

அக்கா கேட்டும் அவர் திரும்பவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் துணியை மாற்றினோம். பழைய விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்த அக்கா பாதியில் நிறுத்தினாள். மத்த நாள்ல ஒரு தடவ கூட அடிக்க மாட்டாரு, அவ்ளோ நல்ல புள்ள. அவள் சொன்ன வார்த்தை அவளுக்கும் அப்போதுதான் திரும்ப வந்தது போலிருக்கிறது. எனக்கும் வந்தது. தாகம் எடுத்தாலும், நனைந்து கிடந்தாலும், இந்த மனிதர் பொத்தானைத் தொடவே இல்லை. தொடாமலே அத்தனை திட்டு விழுகிறதே, தொட்டால் என்ன ஆகுமோ என்று விட்டிருக்கிறார். தாமான் முனையில் ஹார்ன் அடித்து ஊரையே எழுப்பியவர்.

அக்கா விரிப்பைக் கீழே போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். "நான் பாவிங்க" என்றாள். "என்னைய மன்னிச்சிருங்க. நீங்க அடிக்கல. நான்தான், நான்தான்…" மேலே வரவில்லை. அவருடைய இடது கையை எடுத்து அதில் பொத்தானை வைத்து விரல்களை மூடினாள். "இங்க பாருங்க. நான் சமையக்கட்டுக்குப் போறேன். நீங்க கூப்பிடுங்க. நான் வரேன். கத்த மாட்டேன்."

போனாள். வீட்டின் பின்கோடியிலிருந்து அவள் குரல் கேட்டது: "ம், கூப்பிடுங்க!"

அத்தான் பொத்தானைப் பார்த்தார். கட்டைவிரல் அதன் மேல் இருந்தது, அசையவில்லை.

"கூப்பிடுங்கன்னா!" அக்காவின் குரல் உடைந்தது. "எத்தன வருசம் கூப்பிட்டீங்க, வராம இருந்தேனா? கூப்பிடுங்க!"

அத்தான் என்னைப் பார்த்தார். அழுத்துங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. நான் சொல்லி அவர் அழுத்தினால் அதில் என்ன இருக்கிறது?

மணி அடித்தது. ஒரே தடவை, நீளமாக, அந்தக் காலத்து ஹார்ன் மாதிரி.

"வந்துட்டேங்க!" அக்கா ஓடி வந்தாள். கையெல்லாம் ஈரம். "என்னங்க? தண்ணியா?"

இல்லை என்று தலையாட்டினார். பொத்தானை விட்டுவிட்டுக் கையை மெதுவாகத் தூக்கி, நெற்றியில் இரண்டு புருவத்துக்கும் நடுவில் தொட்டுக் காட்டினார்.

"தலை வலிக்குதா?"

மறுபடி இல்லை என்று தலையாட்டினார். ஹாலில் பெட்டி இருந்த பக்கம் விரலைக் காட்டினார். திரும்பவும் நெற்றியைத் தொட்டார்.

படுத்ததிலிருந்து அவர் நெற்றிக்கு யாரும் ஒன்றும் வைக்கவில்லை. படுக்கையிலேயே முகம் துடைக்கிறோம், எதற்கு என்று அக்கா விட்டிருந்தாள். பெட்டிக்கு மட்டும் வெள்ளி தவறாமல் வைத்திருக்கிறாள். திறந்திருக்கும் கதவு வழியே அவர் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்திருக்கிறார்.

அக்கா ஹாலுக்குப் போய்ச் சந்தனக் கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். "பவா, அந்த ஹோமுக்குப் போன் போட்டு வேன் வேணாம்னு சொல்லு" என்றாள் என்னைப் பார்க்காமலே. அத்தான் ஜன்னல் வழியாக நீட்டுவது போலத் தலையைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தார். பன்னீர் அதிகமாகிவிட்டிருந்தது, சந்தனம் மூக்கின் மேல் வழிந்தது.

"ஆடாம இருங்க" என்று அக்கா அதட்டினாள்.